ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஜெராமில் எங்கள் வீட்டில் மசால் வடை. "எத்தனை சுடட்டும்?" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அண்ணன் குடும்பம் வருவது உறுதி. கிள்ளானிலிருந்து சித்தி வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் சித்தி வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்ததைவிட, சொல்லாத நாளில் வந்ததுதான் அதிகம்.

கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"இருபத்து நாலு சுடு. யாரு வந்தாலும் பங்கு போட்டுக்கலாம்."

ஐந்தாம் ஆண்டு படிக்கும் அண்ணன் மகள் விடவில்லை. "ஏன் தாத்தா, இருபத்தஞ்சு சுட்டா ஒண்ணு கூடுதலா கிடைக்குமே?"

"இருபத்தஞ்ச அஞ்சு பேருக்குத்தாம்மா சரியாப் பிரிக்க முடியும். இருபத்து நாலுன்னா ரெண்டு பேரு, மூணு பேரு, நாலு பேரு, ஆறு பேரு, எட்டுப் பேரு, பன்னண்டு பேரு வரைக்கும் சண்டை வராது."

"அப்போ அஞ்சு பேரு வந்தா?"

"ஆளுக்கு நாலு. மிச்சம் நாலும் தாத்தாவுக்கு."

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்போடு சேர்ந்து உள்ளுக்குள் ஒரு உறுத்தல். மூன்று வாரமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை, அப்பா வடையை வைத்தே கிளறிவிட்டார்.

டிசம்பர் 22, கணித மேதை ராமானுஜன் பிறந்த நாள். 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அன்று காலை வானொலி நிகழ்ச்சியில் அவரைப் பற்றிப் பேசினேன். வாடகைக் காரின் எண்ணான 1729 கதை நம்மில் பலருக்கும் தெரியும். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதை என்பதால், வேறு ஒன்றைச் சொல்ல ஆசைப்பட்டேன். அவர் கையாலேயே கணக்குப் போட்டுத் தயாரித்த ஒரு பெரிய எண் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சு வேகத்தில், "கணினி இல்லை, கால்குலேட்டர் இல்லை, ஆனாலும் ஒரு தவறுகூட இல்லை!" என்று முழங்கிவிட்டு, பாடலைப் போட்டுவிட்டேன்.

பாடல் முடிவதற்குள் புலனத்தில் ஒரு நேயரின் செய்தி. எழுத்து நடையைப் பார்த்தால் ஓய்வு பெற்ற ஆசிரியர் போலிருந்தது. "தங்கச்சி, அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது. 293,318,625,600. சரிபார்த்துக்கொள்ளவும். நிகழ்ச்சி நன்று."

சரிபார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

நான் அதைக் காற்றலையில் சொல்லவில்லை. பிறந்த நாளும் அதுவுமாக அவருடைய குறையைச் சொல்ல வேண்டுமா என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். குறை என்னுடையது என்பதுதான் உண்மை. தவறே இல்லை என்று அடித்துச் சொன்னது நான்தானே!

அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன், அது எந்தப் பட்டியலில் இருக்க வேண்டியது என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு அப்பாவின் 24 வடையே போதும்.

ஓர் எண்ணை மீதமில்லாமல் வகுக்கும் எண்களைக் காரணிகள் என்று பள்ளியில் படித்திருப்போம். 24-க்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று எட்டுக் காரணிகள். 24-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் கிடையாது. 24-ஐத் தாண்டினால், இந்தச் சாதனையை முறியடிக்கும் முதல் எண் 36. அதற்கு ஒன்பது. பிறகு 48-க்குப் பத்து. 60-க்குப் பன்னிரண்டு. இப்படித் தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களை மிகுபகு எண்கள் என்று சொல்லலாம். ராமானுஜனின் பட்டியல் இவற்றைப் பற்றியதுதான்.

இந்த எண்கள் நம் வாழ்க்கையில் எப்போதோ நுழைந்துவிட்டன. ஒரு டசன் 12, ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு வட்டத்துக்கு 360 பாகை. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பிரித்தார்கள். ஆண்டுகளுக்கும் 60 பெயர்கள். கிரேக்கத்தில் பிளேட்டோ, ஒரு நல்ல நகரத்தில் 5,040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் 5,040-ஐ வகுக்கலாம் என்பதால் நிலத்தையும் வேலையையும் பிரித்துக் கொடுப்பது சுலபம் என்பது அவருடைய கணக்கு. இந்த 5,040-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வரும்.

ஓர் எண்ணின் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. 24-ஐப் பகா எண்களாக உடைத்தால் 2 × 2 × 2 × 3. இதில் 2-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று என எடுக்கலாம். ஆக நான்கு வழி. 3-ஐ எடுக்கலாம், விடலாம். இரண்டு வழி. நான்கு சட்டையும் இரண்டு வேட்டியும் உள்ளவர் எட்டு விதமாக உடுத்துவது போல, 4 × 2 = 8 காரணிகள். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் இதே வழிதான்.

ராமானுஜன் 1914-இல் கப்பலேறி இங்கிலாந்து போனார். அதற்கு முன் 1912 முதல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர். தோட்டத்து வழக்கில் சொன்னால், ஒரு கிராணி. கேம்பிரிட்ஜ் போன மறு ஆண்டே, 1915-இல், மிகுபகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரையை லண்டன் கணிதச் சங்கம் வெளியிட்டது. சங்கத்துக்கு அப்போது பண நெருக்கடி. அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அந்தப் பகுதி, அவர் பெயரிலேயே நடக்கும் ஓர் ஆய்விதழில் 1997-இல்தான் முறையாக வெளிவந்தது. கல்லூரித் தேர்வில் தோற்ற அந்த இளைஞருக்கு, 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்குத்தான்.

இந்த எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை அதில் அவர் நிறுவிக் காட்டினார். ஒரு மிகுபகு எண்ணைப் பகா எண்களாக உடைத்தால் 2, 3, 5, 7 என்று இடையில் எதுவும் விடுபடாமல் வரிசையாக வரும். சிறிய பகா எண்ணைவிடப் பெரிய பகா எண் அதிகத் தடவை வராது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். இந்தக் கடைசி விதிக்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு. எண்கள் முடிவில்லாமல் போகின்றன, ஆனால் விலக்கு இரண்டே இரண்டு!

கட்டுரையோடு ஓர் அட்டவணையும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட மிகுபகு எண்கள், சிறியதிலிருந்து பெரியதுவரை, உடைத்துக் காட்டிய பகா எண்களோடு. கடைசி வரியில் 6,746,328,388,800. அதற்கு 10,080 காரணிகள்.

அந்த அட்டவணையில் 240,940,299,600 என்ற எண் இருக்கிறது. காரணிகள் 4,800. அதற்கு அடுத்த வரி 321,253,732,800. காரணிகள் 5,376. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில்தான் நம் எண் உட்கார்ந்திருக்க வேண்டும்.

293,318,625,600-ஐ உடைத்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. சட்டை வேட்டிக் கணக்குப்படி 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5,040. ஆமாம், பிளேட்டோவின் அதே 5,040! முந்தைய வரியின் 4,800-ஐவிட அதிகம். அதனால் பட்டியலில் இடம்பிடிக்க முழுத் தகுதி உண்டு.

பக்கத்து வீட்டு எண்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் 23 என்ற பகா எண் வரை போகின்றன. நடுவில் இருக்கும் இது மட்டும் 19-உடன் நின்றுவிடுகிறது. பின்னால் உள்ள எண்ணிலிருந்து 23-ஐ எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் போட்டால் இது கிடைக்கும். 3 × 7 = 21 என்பதால் எண் கொஞ்சம் சிறியதாகிறது. காரணிகளும் 5,376-இலிருந்து 5,040-க்கு இறங்குகின்றன, ஆனால் 4,800-க்குக் கீழே போகவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் நிற்கும் எண் இது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சாயலில் இருவர் நிற்கும்போது, நடுவில் இருப்பவரைக் கண் தாண்டிப் போவது எவ்வளவு சுலபம்!

அன்று இரவு, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வானொலியில் நான் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான்.

அப்பா ஜெராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். இப்போது அங்கே செம்பனை. அப்பா வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் பால்மரக்காடு. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்துச் செக்ரோலில் பதிவது, பகலில் ஒவ்வொருவர் கொண்டுவரும் பாலையும் அளந்து எழுதுவது, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சம்பளப் பட்டியலாகப் பெயர்த்து எழுதுவது. இதுதான் அவர் வேலை. எங்களுக்கு எழுத்துப் பிழை திருத்தும்போதுகூட ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிக்கோலை வைத்துத்தான் படிப்பார். ஏன் அப்படி என்று அன்றுவரை நான் கேட்டதில்லை.

நான் சொல்லி முடித்ததும் அப்பா சிரித்தார்.

"அவரும் கிராணிதானே. வரி விட்டுப்போறது எங்க வியாதிம்மா."

பிறகு அவரே சொன்னார்.

"அந்த வருசம் தீபாவளிக்கு முந்தின சம்பளம். எங்க தோட்டத்துல ரெண்டு மாரியம்மா. செக்ரோல்ல அடுத்தடுத்த வரி. மொத மாரியம்மாவ எழுதிட்டு, எழுதினது ரெண்டாவதுன்னு நெனச்சு, அதுக்கு அடுத்த பேருக்குப் போயிட்டேன். சம்பளம் போடுறப்ப ஒவ்வொருத்தரா பேரு கூப்பிட்டோம். வரிசை முடிஞ்சுது. அந்தம்மா மட்டும் தூரத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. யாருக்கோ காத்திருக்காங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல போயிட்டாங்க. ஒண்ணும் கேக்கல."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சது?"

"ராத்திரி கணக்கு முடிக்க உக்காந்தேன். சம்பளப் பட்டியல்ல ஒவ்வொரு ஆளுக்கும் போட்ட பால் ராத்தலைக் கூட்டினா, ஸ்டோர் புத்தகத்துல இருக்கிற மொத்தத்தைவிடக் குறையுது. ரெண்டு தடவை கூட்டினேன். அதே குறைச்சல். பேரு விட்டுப்போச்சே தவிர, அந்தம்மா வெட்டின பால் மொத்தத்துல இருக்கே! என் கைக்காச எடுத்துக்கிட்டு சைக்கிள்ல லயத்துக்குப் போனேன். பிள்ளைங்க தூங்கிடுச்சு. அந்தம்மா திண்ணையில உக்காந்திருந்தாங்க. ஒரு வார்த்தை திட்டல. 'நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டீங்களா கிராணியாரே'ன்னு மட்டும் கேட்டாங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மறுநாள் காலையில பெரட்டுல எல்லாருக்கும் முன்னால சொன்னேன், தப்பு என்னுதுன்னு. இல்லாட்டி, அந்தம்மா வேலைக்கு வராமப் போனதாலதான் சம்பளம் இல்லன்னு நாலு பேரு பேசியிருப்பாங்க. அப்பருந்துதான் அடிக்கோல் வச்சுப் படிக்கிறது."

ராமானுஜனின் எண்ணுக்குப் பிள்ளைகள் இல்லை. தீபாவளி இல்லை. பட்டியலில் இல்லாவிட்டால் அதற்கு ஒரு நட்டமும் கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், மூன்று வாரமாக நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று அந்த நேரத்தில்தான் உறைத்தது. அப்பா தன் தவறை ஒரே இரவில் தேடிக் கண்டுபிடித்து, மறுநாள் காலையில் ஊரறியச் சொன்னார். எனக்கு அந்தத் தேடும் வேலைகூட இல்லை. ஒரு நேயர் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார். நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மேதையின் பெருமையைக் காப்பதாக நினைத்தேன். ஆனால் அவருடைய பெருமை, பிழையே செய்யாதவர் என்பதில் இல்லை. அவர் நிறுவிய விதிகள் அப்படியே நிற்கின்றன. அந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான், பின்னால் வந்தவர்களால் விடுபட்ட எண்ணை இன்னது என்று சொல்ல முடிகிறது. அப்பா போட்ட கூட்டல் கணக்குத்தான் அப்பா விட்ட வரியைக் காட்டிக்கொடுத்தது. கணக்கு ஒழுங்காக இருக்கும் இடத்தில்தான் தவறு மாட்டிக்கொள்ளும்.

கதை இங்கே முடியவில்லை. மறுநாள் காலை நான் கோலாலம்பூர் கிளம்பும்போது, அப்பா பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். இரவு நான் எழுதிக் காட்டிய எண்கள் அதில் வரிசையாக ஏறியிருந்தன.

"அந்த மனுசன் பட்டியல்ல கடைசி எண் எதுன்னு சொன்ன?"

சொன்னேன். 6,746,328,388,800.

"நீ சொன்ன விட்டுப்போன எண்ணை இருபத்து மூணால பெருக்கிப் பாரு."

கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தேன். 293,318,625,600 × 23 = 6,746,328,388,800.

நான் திரும்பவும் ஒரு தடவை பெருக்கினேன். அதே விடை. விடுபட்ட எண், அதற்குத் துணையாக ஒரே ஒரு 23. ராமானுஜன் அட்டவணையின் கடைசி வரி அவ்வளவுதான். காரணிகளும் அதனால்தான் 5,040-இன் இரு மடங்கு, 10,080.

"பேரு விட்டுப்போச்சு. ஆனா மொத்தத்துல இருக்கு பாரு," என்றார் அப்பா. அடிக்கோலை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் ஐந்தாம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ படிக்கும் பிள்ளை இருந்தால், கைப்பேசியைக் கொடுத்து இந்தப் பெருக்கலைச் செய்யச் சொல்லுங்கள். 64 × 81 × 25 × 49 × 11 × 13 × 17 × 19. பன்னிரண்டு இலக்கம் வரும். கைப்பேசியின் கால்குலேட்டருக்கு ஒரு நிமிட வேலை. அந்த வரியைத் தொட்டுவிட்டு, பிறகு 23-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 1915-இல் ஒரு முன்னாள் கிராணி காகிதத்தில் எட்டிப்பிடித்த இடத்துக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்துவிடும்.

இனி, நான் சொல்ல வேண்டியது.

டிசம்பர் 22 காலை நிகழ்ச்சியில், ராமானுஜனின் மிகுபகு எண் அட்டவணையில் ஒரு தவறுகூட இல்லை என்று சொன்னேன். அது சரியல்ல. 293,318,625,600 என்ற எண் அதில் விடுபட்டிருக்கிறது. அன்றே செய்தி அனுப்பித் திருத்திய நேயர் ஐயாவுக்கு என் நன்றி. மூன்று வாரம் தாமதித்ததற்கு மன்னியுங்கள். நாளைக் காலை நிகழ்ச்சியிலும், பாடலுக்கு முன்பே, இதைச் சொல்லப்போகிறேன்.

அப்பா ஜெராமில் கேட்டுக்கொண்டிருப்பார்.